சம்மதமானவர்கள் எழுந்து நிற்கலாம்

ஓடைத்தெரு, டவுன்
12 ஜூன் 1927

என் பிரியமுள்ள தங்கை தங்கம்மாவுக்கு அண்ணன் வெள்ளையன் மனப்பூர்வமான ஆசி சொல்லி எழுதியது. இங்கே நானும் உன் அண்ணி சின்னத்தாயியும் எங்களிடம் விட்டிருக்கும் உன் மகள் வீராயியும் சுகம். மலைமேல் உன் சுகமும் மாப்பிள்ளை செங்கோடன் சுகமும் அறிய ஆவலாக இருக்கிறோம்.

ஒரு நல்ல சங்கதி. சர்க்கார் என்னை முனிசிபாலிட்டி பள்ளிக் கமிட்டியில் மெம்பராக நியமித்திருக்கிறது. டவுனில் உள்ள முனிசிபல் பள்ளிக்கூடம் அத்தனைக்கும் இந்தக் கமிட்டி வைத்ததுதான் சட்டம். ஆதிதிராவிடர் சார்பில் ஓர் ஆள் வேண்டுமாம். சொந்தமாகச் சுண்ணாம்புக் காளவாய் வைத்திருக்கிறவன், நாலாவது பாரம் வரை படித்தவன் என்று யாரோ என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள்.

போன திங்கட்கிழமை முதல் கூட்டம். மற்றவர்களுக்கு மேஜையைச் சுற்றிப் பிரம்பு நாற்காலி, எனக்குக் கதவோரம் ஒரு பெஞ்சி. நான் உட்காரவே இல்லை. "ஏனுங்க, மெம்பருக்கெல்லாம் நாற்காலின்னா எனக்கும் நாற்காலிதானுங்களே?" என்று கேட்டேன். குமாஸ்தா முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒன்றைக் கொண்டுவந்து போட்டான். கூட்டம் முடியும்வரை அதில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தேன். நம் அப்பன் இருந்து பார்த்திருக்க வேண்டும், அம்மிணி.

நம் ஓடைத்தெருப் பள்ளிக்கு என் காளவாய்ச் சுண்ணாம்பையே கொடுத்து வெள்ளையடித்தாகிவிட்டது. வீராயி ஐந்தாம் வகுப்பை முதலாகத் தேறி ஆறாவதுக்குப் போயிருக்கிறாள். "இவள எட்டாவது வரைக்கும் விடுங்க, அப்புறம் டிரெயினிங் போனா வாத்தியாரம்மாதான்" என்று பொன்னுவேல் வாத்தியார் பார்க்கும்போதெல்லாம் சொல்கிறார். நம் பள்ளியிலேயே எட்டாவது வரை இருப்பதால் கவலை இல்லை. மழைக்காலம், காலில் அட்டை கடிக்காமல் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்,
வெள்ளையன்


நாவலோடை எஸ்டேட், மஞ்சக்குட்டை வழி, ஏற்காடு
26 ஜூன் 1927

அண்ணன் அவர்களுக்குத் தங்கம்மா கும்பிட்டு எழுதுவது. இவருக்கு இருமல் விடவில்லை, மற்றபடி இருவரும் சுகம். அண்ணியின் முதுகுவலி எப்படி இருக்கிறது?

உங்கள் கடிதத்தை எங்கள் கூலி லைன் வீடுகள் எல்லாவற்றிலும் படித்துக் காட்டியாயிற்று. நாற்காலி வருகிற இடத்தை மட்டும் மறுபடி மறுபடி படிக்கச் சொல்கிறார்கள். இவர் என்ன கேட்கிறார் தெரியுமா? "உங்கண்ணன் நல்லா சாஞ்சு உக்காந்தாரா, இல்ல நுனியில ஒட்டிக்கிட்டு இருந்தாரா? கேட்டு எழுது" என்கிறார்.

அந்தக் கமிட்டிக்குச் சேர்மன் நம் எஸ்டேட் எஜமான் குழந்தைவேல் முதலியார்தானாமே! எஸ்டேட் கணக்கு எழுதுகிற ரைட்டர் சொன்னார். அவர் கார் சத்தம் மலை வளைவில் கேட்டாலே நாங்கள் குந்தியிருந்த இடத்தைவிட்டு எழுந்துவிடுகிறோம். நீங்களும் இந்தக் காப்பிக் களத்தில் அப்படி எழுந்து நின்று வளர்ந்தவர்தானே. அவருக்கு எதிரே நாற்காலியில் உட்கார உங்கள் முழங்கால் எப்படி ஒத்துக்கொண்டது?

விளையாட்டு இருக்கட்டும். ரைட்டர் என்னைக் கூப்பிட்டு, "ஏ தங்கம்மா, உம் பொண்ணுக்குப் பதினொண்ணு ஆச்சல்ல? பழம் எடுக்கற காலத்துக்குப் பேரு பதிஞ்சிரலாம்" என்றார். "அவ படிக்கறாளுங்க" என்றேன். "படிக்கற வரைக்கும் படிக்கட்டும்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

நான் மூன்றாவதோடு நின்றவள். பழைய துரை பங்களாப் பள்ளியை மூடின மறுநாளே என் கையில் கூடையைக் கொடுத்தார்கள். உங்களையாவது அப்பன் கீழே டவுனுக்கு அனுப்பினார். வீராயி விஷயத்தில் அப்படி நடக்கக் கூடாது. அதற்காகத்தான் பெற்ற பிள்ளையைக் கண்ணால் பார்க்காமல் இங்கே இருக்கிறேன்.

கும்பிடும் தங்கை,
தங்கம்மா


ஓடைத்தெரு
17 ஜூலை 1927

தங்கைக்கு அண்ணனின் அன்பான ஆசி. எல்லாரும் சுகம். அண்ணிக்கு முதுகுவலி தேவலை. மாப்பிள்ளைக்குத் திப்பிலி வாங்கி அனுப்பியிருக்கிறேன், தேனில் குழைத்துக் கொடு.

நன்றாகச் சாய்ந்தே உட்கார்ந்தேன் என்று மாப்பிள்ளையிடம் சொல். என் முழங்காலைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். கமிட்டி அறைக்குள் எஜமான் என்று யாரும் கிடையாது, சேர்மன்தான் உண்டு. அவர் வரும்போது எல்லா மெம்பரும் எழுகிறார்கள், நானும் எழுகிறேன். அவர்கள் உட்கார்ந்தால் நானும் உட்காருகிறேன். அது ஆபீஸ் மரியாதை, உங்கள் களத்து மரியாதை வேறு.

ஆனால் ஒரு தொல்லை முளைத்திருக்கிறது. ஓடைத்தெருப் பள்ளியை மூடிக் கச்சேரித்தெருப் பள்ளியோடு சேர்த்துவிட வேண்டும் என்று தீர்மானம் வருகிறது. செலவு மிச்சமாம். "எல்லாப் பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் படிப்பது நல்லதுதானே" என்று சேர்மன் சொல்கிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கச்சேரித்தெருவில் நம் பிள்ளைகளை வகுப்புக்குள் விடுவதில்லை, வெளி வராந்தாவில் உட்கார வைக்கிறார்கள். தாகத்துக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் யாராவது மனம் இரங்கி ஊற்றுகிறவரை கையை ஏந்திக்கொண்டு நிற்க வேண்டும். அங்கே சேர்ப்பதும் படிப்பை நிறுத்துவதும் ஒன்றுதான்.

மெம்பர்களை ஊடு ஊடாகப் போய்ப் பார்த்துப் பேசினேன். பாதிப் பேர் அவர் பக்கம், பாதிப் பேர் நம் பக்கம். ஒரே ஓட்டில் நிற்கிறது, அந்த ஓட்டு என்னுடையது. அந்த நாற்காலியில் நான் இருக்கிறவரை பள்ளியை மூட முடியாது. நீ நிம்மதியாக இரு.

உன் அண்ணன்,
வெள்ளையன்


நாவலோடை
3 ஆகஸ்ட் 1927

அண்ணன் அவர்களுக்கு வணக்கம். சுகம், உங்கள் சுகத்துக்கு எழுதவும். திப்பிலி நன்றாகக் கேட்கிறது.

உங்கள் கடிதம் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நிம்மதியாக இரு என்று நீங்கள் எழுதினால் எனக்கு நிம்மதி போய்விடுகிறது, என்ன செய்ய. எங்கள் எஸ்டேட்டிலிருந்தும் தலைச்சோலைப் பக்கத்திலிருந்தும் கீழே சொந்தக்காரர் வீடுகளில் தங்கி அந்தப் பள்ளியில் படிக்கிற பிள்ளைகளின் தாய்மார் எல்லாரும் என்னிடம் வந்துவிட்டார்கள். எல்லாரும் சேர்ந்து சேர்வராயன் சாமிக்கு வேண்டிக்கொண்டு வந்திருக்கிறோம்.

அண்ணா, உங்களுக்குக் கோபம் வந்தால் சொல்ல வந்தது மறந்துபோகும். நீளமாகப் பேசப் போகாதீர்கள். "வேண்டாமுங்க, எனக்குச் சம்மதமில்லீங்க" என்று சொன்னால் போதும். அது போதாதா? நான் அந்த இடத்தில் இருந்தால் அதைத்தான் சொல்வேன்.

கூட்டம் முடிந்த அன்றைக்கே ஒரு கார்டு போடுங்கள்.

தங்கம்மா


ஓடைத்தெரு
28 ஆகஸ்ட் 1927

தங்கைக்கு ஆசி. அனைவரும் சுகம். இங்கே பத்து நாளாக மழை விடவில்லை. காளவாயில் அடுக்கின கல் முழுக்க நனைந்துவிட்டது, கரி எரியவில்லை. கூரைக்குப் புதிதாக ஓலை போட வேண்டும். உன் அண்ணி பாகற்கொடி போட்டாள், அதுவும் அழுகிவிட்டது. மலையில் மண் சரிந்து பஸ் நின்றதாகக் கேள்வி. நீங்கள் எல்லாரும் பத்திரமாக இருங்கள்.

பள்ளிக்கூடத் தீர்மானம் பெரும்பான்மையில் நிறைவேறிவிட்டது. அக்டோபர் முதல் கச்சேரித்தெருவில் வகுப்பு.

வெள்ளையன்


நாவலோடை
5 செப்டம்பர் 1927

அண்ணன் அவர்களுக்கு வணக்கம். நாங்கள் சுகமாக இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

பாகற்கொடி அழுகினதை எழுத இடம் இருந்தது. என் பிள்ளை படிப்பு போனதற்கு ஒரு வரி போதும் என்று நினைத்தீர்களோ? கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பின்னால் ஏதாவது எழுதியிருப்பீர்கள் என்று.

ஒரு ஓட்டு நம்முடையது என்று சொன்னீர்களே. அப்படியானால் நம் பக்கம் இருந்த எவனோ ஒருவன் மாறியிருக்கிறான். யார் அவன்? ஒத்துக்கொண்டு போய் அங்கே காலை வாரினவன் எந்த ஊர்க்காரன்? அவன் நாக்கு அழுகிப் போக. அவன் பிள்ளைகள் கூடை தூக்கட்டும். எனக்கு வயிறு எரிகிறது, அதனால் எழுதுகிறேன்.

அவன் பெயரை எழுதுங்கள். எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

தங்கம்மா


நாவலோடை
19 அக்டோபர் 1927

அண்ணன் அவர்களுக்கு வணக்கம். போன கடிதத்துக்குப் பதில் இல்லை. உங்களுக்கு உடம்பு சரியில்லையோ என்று பயமாக இருக்கிறது.

நேற்று வீராயி டிரங்குப் பெட்டியோடு மத்தியான பஸ்ஸில் தனியாக வந்து இறங்கினாள். கொண்டுவந்து விட உங்களுக்கு நேரம் இல்லையாம். அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று அழுகிறாள், அதனால் அனுப்புகிறேன் என்று அண்ணி யாரிடமோ எழுதி வாங்கி ஒரு சீட்டுக் கொடுத்திருந்தாள். என் மகள் அப்படி அழுகிற பெண் இல்லை.

சோறு போட்டுக் கேட்டேன். அப்புறம்தான் சொன்னாள். "வராந்தாவுல உக்காந்தா வாத்தியார் சொல்றது காதுல உழுகலம்மா. சன்னல் கிட்டக்க எந்திரிச்சு நின்னு கேட்டேன். நெழலு உள்ளார உழுகுதுன்னு பிரம்புல அடிச்சுட்டாங்க." தோளையும் முதுகையும் பார்த்தேன். பார்த்ததை உங்களுக்கு எழுத மாட்டேன்.

"நொம்ப வலிக்குதா சாமி?" என்றேன். "வலி போயிருச்சும்மா. கணக்குத்தான் பாதியில நின்னு போச்சு" என்கிறாள்.

மாமனைக் கேட்டால், "மாமன் பேசறதே இல்லம்மா. காளவாயிலயே படுத்துக்கறாங்க" என்கிறாள். என்ன நடக்கிறது அண்ணா? உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. நீங்கள் ஒருவர் என்ன செய்ய முடியும்? பதில் மட்டும் எழுதுங்கள்.

தங்கம்மா


ஓடைத்தெரு
6 நவம்பர் 1927

தங்கைக்கு. சுகம்.

காய்ச்சலாக இருந்தேன். வீராயிக்கு ஒரு சிலேட்டும் ஆறாம் வகுப்பு வாசகப் புத்தகமும் அனுப்பியிருக்கிறேன். கணக்குப் புத்தகம் கடையில் கிடைக்கவில்லை. பொன்னுவேல் வாத்தியாரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள், அவரிடமும் கேட்க முடியவில்லை.

அவளை எஸ்டேட்டில் பதியாதே. ஏதாவது வழி பார்க்கிறேன். கமிட்டிக்கு நான் இப்போது போவதில்லை.

வெள்ளையன்


நாவலோடை
4 டிசம்பர் 1927

வெள்ளையன் அவர்களுக்குத் தங்கம்மா எழுதுவது.

வீராயியைப் பதிந்தாகிவிட்டது. பழம் சிவந்து உதிர்கிறது, படிக்காத பெண்ணை லைன் வீட்டில் சும்மா வைத்திருக்க முடியாது என்று ரைட்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். என் கூடைக்குப் பக்கத்தில் அவள் கூடை. எட்டாத கிளையை நான் வளைத்துப் பிடிக்கிறேன், அவள் பறிக்கிறாள்.

நேற்றுச் சாயங்காலம் பழம் அளக்கிற களத்துக்கு எஜமான் வந்தார். வீராயி கூடையோடு அளவு வரிசையில் நின்றிருந்தாள், குந்தியிருந்த நாங்கள் எல்லாரும் கார் கதவு திறந்ததும் எழுந்தோம். என்னைப் பார்த்து, "நீ நம்ம வெள்ளையன் தங்கச்சிதானே?" என்று கேட்டார். "ஆமாங்க எஜமான்" என்றேன். மேஸ்திரி, ரைட்டர், களத்து ஜனம் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"நம்ம எஸ்டேட்ல வளர்ந்த ஆளுன்னா மரியாதை தனிதான்யா. ஓடைத்தெருப் பள்ளித் தீர்மானத்துக்கு நான் எழுந்தேன். கூட இருந்தவங்களே யோசிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க, இவன் எனக்கு முன்னாலேயே எழுந்து நின்னுட்டான்! அவன் ஓட்டுலதான் ஜெயிச்சுது. நல்ல மனுஷன்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கீழே இருந்து பிள்ளைகளைத் திருப்பிக் கூட்டிவந்த தாய்மார் எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள். வீட்டுக்கு வருகிற வழியில் ஒருத்தியும் என்னோடு நடக்கவில்லை. வீராயி மட்டும் கூட வந்தாள். "மாமன் எதுக்கும்மா எந்திரிச்சாங்க?" என்று கேட்டாள்.

நாக்கு அழுக வேண்டும் என்று யாரைச் சபித்தேன் என்று இப்போது தெரிகிறது. கூடப் பிறந்தவனை. என்ன ஆசை காட்டினார்கள் உங்களுக்கு? முனிசிபல் கட்டடத்துக்கெல்லாம் உங்கள் சுண்ணாம்புதான் என்றார்களா? இன்னும் நல்ல நாற்காலி போடுகிறேன் என்றார்களா? மறைக்காமல் எழுதுங்கள். எழுதாவிட்டால் எனக்கு அண்ணன் இல்லை.

தங்கம்மா


ஓடைத்தெரு
15 டிசம்பர் 1927

தங்கம்,

யாரும் எனக்கு எந்த ஆசையும் காட்டவில்லை. காட்டியிருந்தால் இவ்வளவு கேவலமாக இருந்திருக்காது.

கமிட்டியில் எப்போதும் கை தூக்கித்தான் ஓட்டு. அன்றைக்கு ஒரு மெம்பர், கையைச் சரியாக எண்ண முடியவில்லை, எழுந்து நிற்க வைத்து எண்ணுங்கள் என்றார். எனக்கு அதில் கவனம் இல்லை. நீ சொல்லிக் கொடுத்ததை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். "வேண்டாமுங்க, எனக்குச் சம்மதமில்லீங்க." சேர்மன் கையிலிருந்த காகிதத்தை மேஜைமேல் வைத்தார். "தீர்மானத்துக்குச் சம்மதமானவர்கள் எழுந்து நிற்கலாம்" என்று சொல்லிக்கொண்டே அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

அந்தச் சத்தத்துக்கு நான் எழுந்துவிட்டேன், தங்கம். அவர் எழ ஆரம்பித்தார், என் கால் எழுந்துவிட்டது. சொன்ன வார்த்தை எனக்குக் காதில் விழுந்ததுதான், ஆனால் விழுவதற்குள் நான் நின்றுகொண்டிருந்தேன். குமாஸ்தா பென்சிலால் என்னையும் சேர்த்து எண்ணிவிட்டான்.

அப்போதே சொல்லியிருக்கலாம் என்று நீ கேட்பாய். வாயைத் திறந்தேன். "நான் சம்மதமுன்னு எந்திரிக்கலீங்க" என்று சொன்னால், பின்னே எதற்கு எழுந்தாய் என்று கேட்பார்கள். "நீங்க எந்திரிச்சீங்க, அதனால எந்திரிச்சேன்" என்று அத்தனை பேர் முன்னால் சொல்ல வேண்டும். நாற்காலி கேட்டு வாங்கினவன் நான். சொன்னால் சிரிப்பார்கள், இவனுக்கெல்லாம் எதற்கு நாற்காலி என்று பெஞ்சியையும் எடுத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். துரோகி என்று சொல்லட்டும், கூலிப்புத்தி என்று சொல்ல வேண்டாம் என்று பட்டது. வாயை மூடிக்கொண்டு நின்றேன். உன் மகள் படிப்பைக் கொடுத்து என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டேன். கால் செய்தது பிசகு. வாய் செய்ததுதான் பாவம்.

தெருவில் யாரும் என்னோடு பேசுவதில்லை. பள்ளிக்கூடத்தில் இப்போது முனிசிபாலிட்டி குப்பை வண்டி மாடுகளைக் கட்டுகிறார்கள். நான் அடித்த சுண்ணாம்பு இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கிறது. போகிற வருகிறபோது அதைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வீராயி கேட்டதற்கு இதைப் படித்துக் காட்டு. அவளுக்கு நானே எழுத எனக்குத் தைரியம் இல்லை. நீ சபித்தது நியாயம்தான்.

வெள்ளையன்


நாவலோடை
22 ஜனவரி 1928

அண்ணன் அவர்களுக்குத் தங்கம்மா கும்பிட்டு எழுதுவது. இவர் இருமல் குளிருக்கு மறுபடி அதிகம். அண்ணியை விசாரித்ததாகச் சொல்லவும். பொங்கலுக்கு எழுத நினைத்து எழுதவில்லை.

உங்கள் கடிதத்தை நான் நம்பவில்லை. கால் தானாக எழுமா, இத்தனை படித்த மனுஷனுக்கு என்று கரித்துக்கொட்டினேன். வீராயிக்குப் படித்துக் காட்டினேன். "நாமளா இருந்தா எந்திரிச்சிருக்க மாட்டோம், இல்ல கண்ணு?" என்றேன். "மாட்டேம்மா" என்றாள்.

போன வாரம் எஜமான் வருகிறார் என்று தெரிந்தது. இந்த முறை எழக்கூடாது என்று முடிவு செய்து களத்தோரம் சாக்கு மேல் உட்கார்ந்தேன். அண்ணனால் ஆகாததை நான் செய்து காட்டுகிறேன் என்று வீம்பு. வீராயியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். அடித்தால் அடிக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். கார் வந்தது. கதவு திறந்தது. அப்புறம் பார்த்தால் நான் நின்றுகொண்டிருக்கிறேன், அண்ணா. எப்போது எழுந்தேன் என்றே தெரியவில்லை.

வீராயி எழவில்லை. உங்கள் வீட்டில் வளர்ந்தவள், அவளுக்கு அந்தப் பழக்கமே இல்லை. ஜனம் முழுக்க நிற்கிறபோது அவள் ஒருத்தி சாக்கில் உட்கார்ந்து அவரை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மேஸ்திரி திரும்பிப் பார்த்தான். நான் அவள் தோளைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினேன். அந்தப் பிரம்படி பட்ட இடத்திலேயே என் கை அழுந்திவிட்டது. என்னை ஒரு பார்வை பார்த்தாள், அதை என்னால் மறக்க முடியவில்லை.

உங்களை மன்னிக்கிறேன் என்று எழுத வரவில்லை. மன்னிக்க நான் யார்? எனக்கு நீங்கள் அண்ணன்தான்.

நீங்கள் அனுப்பின சிலேட்டு பெட்டியில் இருக்கிறது. அவள் எடுப்பதில்லை. எடு என்று நானும் சொல்வதில்லை. சாயங்காலம் கை முழுக்கப் பழத்துப் பிசின், கழுவினாலும் போவதில்லை.

இன்று காலை கார் சத்தம் மலை வளைவில் கேட்டது. களத்தில் எல்லாருக்கும் முன்னால் எழுந்து நின்றது வீராயிதான்.

குளிருக்குக் கம்பளி போர்த்திக்கொள்ளுங்கள், காளவாயில் படுக்க வேண்டாம்.

உங்கள் தங்கை,
தங்கம்மா